போன பலூன் திரும்பி வந்த கதை

பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம் வைத்த பழைய நீராவிக் கப்பல் ஒன்றின் படத்தைப் போட்டு, "உலகின் முதல் விமானந்தாங்கிக் கப்பல்" என்று யாராவது அவ்வப்போது பகிர்கிறார்கள். ஆஸ்திரியக் கடற்படையின் வல்கானோதான் அது. அந்தப் பட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

1848ல் வெனிஸ் மக்கள் ஆஸ்திரிய ஆட்சியை விரட்டிவிட்டு, டேனியலே மானின் தலைமையில் குடியரசு அமைத்தார்கள். மறு வருடம் ஆஸ்திரியப் படை வந்து முற்றுகை போட்டது. ஊர் இருப்பதோ காயலின் நடுவே. கரையிலிருந்து சுட்டால் குண்டு எட்டவில்லை. ஆழமில்லாத காயலுக்குள் பெரிய போர்க்கப்பலையும் கொண்டுபோக முடியாது. அப்போது பீரங்கிப்படை அதிகாரி பிரான்ஸ் உகாட்டியஸ், பலூனில் குண்டைக் கட்டி அனுப்பலாம் என்றார். (1853ல் அசையும் படங்களைச் சுவரில் விழவைக்கும் கருவி செய்து காட்டியவரும் இவரேதான். சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.)

ஆளில்லாத வெப்பக்காற்று பலூன்கள். ஒவ்வொன்றிலும் 11 முதல் 14 கிலோ வரை எடையுள்ள குண்டு. காற்றின் வேகத்தைக் கணக்கிட்டு, ஊருக்கு மேலே போகும்போது குண்டு கழன்று விழுகிற மாதிரி திரி வைத்தார்கள். 1849 ஜூலையில் வல்கானோவிலிருந்தும் சில பலூன்களை ஏவினார்கள். காற்று திசை மாறியது. பல குண்டுகள் தண்ணீரில் விழுந்தன. சில பலூன்கள் ஊரைத் தாண்டி, முற்றுகை போட்டிருந்த ஆஸ்திரியர்கள் பக்கமே போய்விட்டன. வெனிஸ்காரர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து, கைதட்டி வேடிக்கை பார்த்தார்களாம்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. நீராவிக் கப்பலைக் கட்டியதே காற்றின் தயவு வேண்டாம் என்பதற்காகத்தான். எதிர்க்காற்றிலும் போகிற அந்தக் கப்பலில் ஏற்றியதோ, காற்று இழுத்த பக்கமெல்லாம் ஓடுகிற ஆயுதம்!

ஜூலைக் கடைசியில் ஆஸ்திரியர்கள் பீரங்கிகளை வண்டியிலிருந்து கழற்றி, வாயை உயர நிமிர்த்தி வைத்துச் சுட்டார்கள். குண்டு ஊருக்குள் விழுந்தது, அவ்வளவுதான். ஏற்கெனவே பசியும் காலராவும் ஊரை உருக்குலைத்திருந்தன. ஆகஸ்ட் 22ல் வெனிஸ் சரணடைந்தது. பலூனுக்கு இதில் பங்கு ஒன்றுமில்லை.

சரி, 'முதல் விமானந்தாங்கி' என்ற பட்டத்தை யாருக்காவது கொடுத்தே தீரவேண்டும் என்றால் ஜப்பானின் வகாமியா கப்பலுக்குக் கொடுங்கள். 1914ல், சீனாவில் ஜெர்மனியின் கையிலிருந்த சிங்தாவ் துறைமுகத்தை முற்றுகையிட்டபோது அது மிதவை விமானங்களைக் கடலில் இறக்கிவிட்டது. அவை பறந்துபோய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பின. விமானந்தாங்கி என்றால் போனது திரும்பி வரவேண்டும் இல்லையா?

வல்கானோ காலத்துப் பலூன்களும் திரும்பித்தான் வந்தன. குண்டோடு வந்தன.