ரவையைத் தின்றால் எறும்பு வெடித்துச் சாகுமா?

"எறும்பு வரிசையில் ரவை தூவுங்கள். தின்றதும் வயிற்றில் ஊதி வெடித்துவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உண்மை இல்லை. அமெரிக்காவிலும் நெருப்பு எறும்புக்குச் சோளக்குருணை என்று இதே கதை பல காலமாக உண்டு.

வேலைக்கார எறும்பால் திடப்பொருளை விழுங்கவே முடியாது. அதன் வாய்க்குள் ஒரு வடிகட்டிப் பை இருக்கிறது. திரவம் மட்டுமே உள்ளே போகும். திட உணவைப் புற்றுக்குத் தூக்கிப்போய், முட்டையிலிருந்து வந்த எறும்புப் புழுக்களிடம் கொடுக்கும், அவை செரித்துத் திரவமாகத் திருப்பித் தரும். ஆக, ரவை அவர்களுக்கு விருந்துதான்! தூவியதும் எறும்பு குறைந்ததுபோலத் தெரிந்தால், வந்த சரக்கைச் சுமந்து வீட்டுக்குப் போயிருக்கின்றன, அவ்வளவே.

ஸ்பிரே அடித்தாலும் கண்ணில் படுபவை மட்டும் சாகும், ராணி புற்றில் பத்திரமாக இருக்கும். மெதுவாக வேலை செய்யும் விஷம்தான் அங்கே போய்ச் சேரும். 100 மில்லி வெந்நீரில் 25 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, பஞ்சில் நனைத்து மூடியில் வையுங்கள். போரிக் ஆசிட் அதிகம் போட்டால் எறும்பு பாதி வழியிலேயே செத்துவிடும், விஷயம் கெட்டது. சில நாள் பொறுக்கணும். குழந்தைக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடம் முக்கியம்.

காருக்குள் எறும்பு வந்தாலும் இதே மூடிதான், சீட்டுக்கு அடியில், வண்டி நிற்கும்போது மட்டும். அதற்கு முன் பிஸ்கட் தூளை வாக்குவம் போட்டு எடுங்கள். அப்புறம், கிளை உரசும் மரத்தடியில் வண்டியை நிறுத்தாதீர்கள்.