24 மணி நேரத்துல காணாம போன மாமன் சீர்

சர்வர் ஸ்டோரேஜ் வெச்சிருக்கிற ஸ்டுடியோக்காரங்க, ஆபீஸ்ல சிஸ்டம் பாக்கறவங்க எல்லாரும் இத படிங்க, கொஞ்சம் நீளம்தான்.

தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்கு கம்ப்யூட்டர் வேலை பூரா நான்தான் பாக்கறேன். எடிட்டிங் பசங்க அஞ்சு பேரு, ஒரு கல்யாணத்துக்கு மூணு கேமரா, 300, 400 ஜிபி சர்வ சாதாரணமா வந்து விழும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கோட மாரடிக்க முடியாம, பழைய மெஷின் நாலை சேத்து மூஸ்எஃப்எஸ் (MooseFS)னு ஒரு ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் போட்டேன். நாலு மெஷின் டிஸ்க்கும் சேந்து ஒரே டிரைவ் மாதிரி தெரியும், ஒவ்வொரு ஃபைலுக்கும் ரெண்டு காப்பி, ஒரு மெஷின் படுத்துகிட்டாலும் வேலை நிக்காது. அந்த ரெண்டு காப்பிய நம்பி நான் கொஞ்சம் தெனாவட்டாத்தான் திரிஞ்சேன்.

போன வருசம் தை மாசம், சனிக்கிழமை சாயங்காலம். டிரைவ்ல இடம் குறையுதுன்னு ஒரு தம்பி சுத்தம் பண்ணியிருக்கான், 'பாலக்கோடு கேம்3 காப்பி'ன்னு ஒரு ஃபோல்டர், பாலக்கோட்டுக் கல்யாணத்தோட மூணாவது கேமரா, பேர்ல காப்பின்னு இருக்குதே, ஒரிஜினல் எங்கியோ இருக்கும்னு அழிச்சுட்டான். அதுதான் ஒரிஜினல். கார்டையும் ஞாயித்துக்கிழமை முகூர்த்தத்துக்காக ஃபார்மேட் பண்ணியாச்சு. ஞாயிறு ஆபீஸ்ல ஆளே இல்ல, எல்லாரும் மண்டபத்துல. திங்கக்கிழமை பதினோரு மணிக்குத்தான் "ணா, கேம் மூணு எங்கணா?"ன்னு போன் வருது.

நெட்வொர்க் டிரைவ்ல அழிச்சா விண்டோஸ் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, ஆனா மூஸ்எஃப்எஸ் தனியா ஒரு ட்ராஷ், அதாவது அழிச்சது கொஞ்ச நாள் கெடக்கற குப்பைத்தொட்டி, வெச்சிருக்கு. அத மெட்டா மவுண்ட்னு ஒரு தனி டிரைவ் மாதிரி இணைச்சுத்தான் பாக்கணும், உள்ள அழிச்ச ஃபைல் எல்லாம் பழைய பாத்தோட பேர்லயே, சாய்வு கோட்டுக்குப் பதிலா நேர் கோடு போட்டு வரிசையா நிக்கும், வேணுங்கறத அன்டெல் ஃபோல்டருக்குள்ள நகத்துனா பழைய இடத்துக்கே வந்துடும். அழகான ஏற்பாடு. தைரியமா தெறந்தேன், உள்ள பாலக்கோடு பேர்ல ஒண்ணுமே இல்ல. டீஃபால்ட்டா, அதாவது நாம எதையும் மாத்தலேன்னா, ட்ராஷ்ல வெச்சிருக்கிற நேரம் 86400 விநாடி, அதாவது ஒரே ஒரு நாள். ஞாயிறு சாயங்காலமே போய் சேந்துடுச்சு. மாத்தி வெக்காதது என் தப்பு, சாஃப்ட்வேர சொல்லி பிரயோஜனம் இல்ல.

ரெக்கவரி சாஃப்ட்வேர் போடலாமேன்னு ஓனர் அண்ணன் கேட்டாரு. ஃபைல் எல்லாம் 64 எம்பி துண்டு துண்டா நாலு மெஷின்லயும் செதறிக் கெடக்கும், எந்தத் துண்டு எந்த ஃபைலோடதுன்னு கணக்கு வெச்சிருக்கிற மாஸ்டர் சர்வருக்கு மட்டும்தான் தெரியும், மாஸ்டரே மறந்துட்டா அப்புறம் யாரப் போய் கேக்கறது. அந்த ரெண்டு காப்பியும் டிஸ்க் செத்தா காப்பாத்தும், நாமளே அழிச்சா ரெண்டும் ஒண்ணாத்தான் போகும்.

போனது என்ன தெரியுமா, தாய்மாமன் சீர். காரிமங்கலத்துல இருந்து மேளத்தோட தட்டு தூக்கிகிட்டு வந்த மொத்த ஊர்வலமும் அந்த கேமராவுலதான். மெயின் கேமரா அந்த நேரம் மேடையில இருந்துச்சு. வீடியோ போட்டுப் பாத்துட்டு மாமனே போன் பண்ணி, "அம்பது தட்டு வெச்சேன், ஒண்ணு கூட காணோம், எங்க பங்காளிங்க முன்னாடி என்ன பதில் சொல்லுவேன்"னு கேட்டாரு பாருங்க.

கோவத்துல மறுநாளே எல்லாத்துக்கும் ட்ராஷ் நேரத்த 30 நாள்னு வெச்சேன், 2592000 விநாடி. மொதல்ல ஃபோல்டருக்கு மட்டும் போட்டுட்டு முடிஞ்சுதுன்னு நெனச்சேன், புதுசா வர்ற ஃபைலுக்குத்தான் அது பிடிக்கும், உள்ள ஏற்கனவே இருக்கிறது பழைய ஒரு நாளோடவே இருக்கும், அதையும் மாத்தணும்னா ரிகர்சிவ் ஆப்ஷனோட, அதாவது உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் சேத்து, கமாண்ட ஓட்டணும். ஓட்டுனேன். மூணே வாரத்துல டிஸ்க் ஃபுல். ப்ராக்ஸி, ரெண்டர் கேஷ்னு எடிட்டிங்குக்காக தற்காலிகமா உண்டாகற ஃபைல் குப்பைய பசங்க தெனம் அழிக்கறாங்க, அது அத்தனையும் ட்ராஷ்ல 30 நாள் உக்காந்திருக்கு, அதுவும் ரெண்டு காப்பியா. அழிச்சா எடம் வரணும், வரல, வரலன்னு இன்னும் அழிக்கறாங்க. நேரத்த கொறச்சு வெச்சாலும் ஏற்கனவே ட்ராஷுக்குள்ள போனது கொறையாது, மெட்டா மவுண்ட்ல போய் ஒவ்வொண்ணா பாத்து கைலதான் அழிச்சேன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும்.

ஓசூர்ல டேட்டா வேலை பாக்கற மச்சான்கிட்ட பொலம்புனா அவன் சிரிக்கறான். ஹடூப்னு (Hadoop) அவங்க பெரிய டேட்டாவ பல மெஷின்ல வெக்கற சாஃப்ட்வேர்ல ட்ராஷ் நேரம் டீஃபால்ட்டே பூஜ்ஜியமாம், ட்ராஷே கெடையாது, நாமளா நிமிசக் கணக்குல போடணும், 1440னு போட்டா ஒரு நாள். போட்டாலும் கமாண்டுல ஸ்கிப் ட்ராஷ்னு சேத்தா நேரா மேலோகம். காப்பி வேற டீஃபால்ட்டா மூணு, ட்ராஷ்ல ஒரு டிபி கெடந்தா டிஸ்க்குல மூணு டிபி.

நான் என்ன சொல்ல வர்றேன்னா, ட்ராஷ்ல எத்தன நாள் வெக்கணுங்கறத டிஸ்க் சைஸ வெச்சு முடிவு பண்ணாதீங்க, தொலைஞ்சது நம்ம கண்ணுல எப்ப படும்னு பாருங்க. ரா ஃபுட்டேஜ், அதாவது கேமராவுல இருந்து வந்த ஒரிஜினல், காணோம்னு எடிட்டுக்கு உக்காரும்போதுதான் தெரியும், சீசன்ல அதுக்கே மூணு வாரம் ஆகும். அதனால ரா ஃபோல்டருக்கு 45 நாள், ப்ராஜெக்ட் ஃபைலுக்கு 10 நாள், கேஷுக்கு பூஜ்ஜியம். பூஜ்ஜியம்னா அழிச்ச நிமிசமே போயிடும், அந்த ஃபோல்டர்ல வேற எதையும் வெக்காதீங்கன்னு பசங்களுக்கு சொல்லி வெச்சிருக்கேன்.

அதுக்காக வருசக்கணக்கா வெக்கறதும் தப்புங்க. நிச்சயதார்த்தம் முடிஞ்சு சம்பந்தம் நின்னு போன வீடு ஒண்ணு, பொண்ணோட அப்பா நேர்ல வந்து "எல்லாத்தையும் அழிச்சுடுங்க தம்பி"ன்னாரு. கீபோர்டு தட்டி அழிச்சாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அழியல, ட்ராஷ்ல அப்படியே இருக்கு. அன்னைக்கு சாயங்காலம் நான் உள்ள போய் ஒவ்வொரு ஃபைலா அழிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். இந்த மாதிரி கேட்டா எங்க எங்க இருந்து அழிக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர் பக்கத்துல ஒட்டியிருக்கேன்.

மாமன் வீட்டுல வைகாசியில இன்னொரு கல்யாணம். ஆர்டர் வேற ஸ்டுடியோவுக்குப் போயிடுச்சு.