ஓட்டை எத்தனை மில்லிமீட்டர்? அதை மட்டும் சொல்லுங்கள்!

"ஸ்டாண்டர்ட் சைஸ்தான் சார்." டம்பெல், அதில் மாட்டும் எடை பிளேட் விற்பவர்களுக்கு இதைத் தவிர வேறு வார்த்தையே தெரியாதா?

வீட்டில் இருப்பது பிளேட் மாட்டும் 28 மில்லிமீட்டர் தடிமன் ராடு. கூடுதலாக ஒரு ஜோடி 10 கிலோ பிளேட் வேண்டும், அவ்வளவுதான். ஆர்டர் போடுவதற்கு முன்பே போன் செய்து, நடு ஓட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். "ஸ்டாண்டர்ட் சைஸ் சார்." சரி, ஸ்டாண்டர்ட் என்றால் எத்தனை? "எல்லா ராடுக்கும் செட் ஆகும் சார்." 25, 28, 30 என்று விதவிதமாக ராடு விற்கிறார்கள். போட்டிகளில் தூக்கும் ஒலிம்பிக் ராடின் முனையோ 50. ஒரே ஓட்டை இத்தனைக்கும் எப்படிச் செட் ஆகும்? "லைன்ல இருங்க சார்." பாட்டு ஓடியது. இன்னொருவர் வந்தார். முதலிலிருந்து சொன்னேன். "அது 10 கிலோ பிளேட் சார்." எடையை யார் கேட்டது? ஒரு ஸ்கேலை எடுத்துக் குறுக்கே வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? "30தான் சார், நம்பி போடுங்க."

வந்தது 26. ராடு முனையில் வைத்தால் உள்ளேயே போகவில்லை. திருப்பி எடுங்கள் என்றால், பெட்டியைப் பிரித்துவிட்டால் ரிட்டர்ன் கிடையாதாம். பிரிக்காமல் ஓட்டையை எப்படி ஐயா அளப்பது?

எல்லாம் சேர்த்து விற்கும் காம்போ செட் கொள்ளை தனி. கையுறை, கயிறு, கைப்பிடி வலுவுக்கான கிரிப்பர் என்று சில்லறைச் சாமான்களை அடுக்கிப் படம் போடுகிறார்கள். பிளேட்டுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் வாயே திறப்பதில்லை. பிவிசி பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் கலவை! இரும்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குதான் சிமென்ட். அதனால் அதே எடைக்குப் பிளேட் தடித்துப்போகிறது. டம்பெல் ராடில் இரண்டு மாட்டினாலே நட்டுப் போட மரை மிஞ்சாது. கொஞ்ச நாளில் விளிம்பு ஒட்டு விட்டுப்போய், தரையெல்லாம் சாம்பல் நிறத் தூள். எடை ஏற்றிக்கொண்டே போவதுதான் இந்தப் பயிற்சியே. ஏற்ற இடமில்லாத ராடை வைத்து என்ன செய்வது?

படுத்துக்கொண்டு எடை தூக்கும் பெஞ்சில் "200 கிலோ தாங்கும்" என்று ஸ்டிக்கர். படுத்திருப்பவன் எடையும் சேர்த்தா, சேர்க்காமலா? கழுத்துக்கு மேல் ராடைத் தூக்கிக்கொண்டு படுப்பவனின் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி இது. இதற்கும் பதில் "ஹெவி டியூட்டி சார்".

இதைவிட வயிறு எரிந்தது இன்னொன்று. முன்பு வாங்கிய 50 கிலோ காம்போ செட் பெட்டியை டெலிவரி ஆள் ஒருவரே பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். சட்டை முழுக்க வியர்வை. நானும் ஒரு பக்கம் பிடித்துத்தான் இறக்கினோம். ஹெவி டியூட்டி என்று பெட்டி முழுக்க அச்சடிக்கக் காசு இருக்கிறது. கூட ஒரு ஆளை அனுப்ப மட்டும் இல்லையா?