ஒரு பல்தானே?

பல் டாக்டரின் நாற்காலியில் ஏறி வாயைத் திறந்த என் பிள்ளையை, 'ஹீமோபிலியா' (ரத்தம் எளிதில் உறையாத நோய்) என்று கேட்டதும் இறக்கிவிட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். "ஒரு பல்தானே, இதற்கா இவ்வளவு" என்று அதன் கீழே வந்த கமெண்டுகள் எல்லாவற்றுக்கும் இது பதில். பல்லும் உடம்பில்தான் முளைக்கிறது, சாமிகளா.

காப்பீட்டுக் கவுண்டரில் கார்டை நீட்டினேன். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். "பல்லுக்கு வராது அக்கா. தாடை எலும்பு உடைஞ்சிருந்தா பார்க்கலாம்." சரி, அடுத்த தடவை உடைத்தே கூட்டி வருகிறேன்.

ரத்தம் உறைய வைக்கும் ஃபேக்டர் 8 ஊசியை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே போடுகிறார்கள். நன்றி மறக்கவில்லை. ஆனால் பல் டாக்டர் ரத்தப் பிரிவின் கடிதம் கேட்கிறார். ரத்தப் பிரிவோ, பல் டாக்டர் முதலில் தேதி குறிக்கட்டும் என்கிறது. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போனால் "தமிழ்நாட்டு கார்டா?" என்றுதான் பேச்சே தொடங்குகிறது. இதற்கிடையே இவன் கன்னம் வீங்கிக் கிடக்கிறான். 2016 சட்டத்தின் மாற்றுத்திறனாளிப் பட்டியலில் ஹீமோபிலியா உண்டு. பல்லுக்கு மட்டும் அது தெரியாது போல.

டாக்டருக்குப் பயம் இருக்காதா என்கிறீர்கள். இருக்கும். எனக்கு இல்லாத பயமா? இதே நோய் இருந்த என் அம்மாவின் தம்பிக்கு 19 வயதில் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். ராத்திரி வரை ஒன்றுமில்லை. நின்றுவிட்டது என்று நினைத்த ரத்தம் விடியற்காலையில் மறுபடி வந்தது. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு சருவத்தில் துப்பித் துப்பி மூன்று நாள். மாமா போன பிறகு அம்மச்சி அந்தச் சருவத்தில் உலை வைத்ததே இல்லை. அப்போது ஊசி இல்லை. இப்போது ஊசியும் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. சேர்த்து ஒரு நாள் குறிக்கத்தான் ஆள் இல்லை.

"ஒழுங்காகப் பல் தேய்த்திருந்தால்" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். பிரஷ் பட்டாலே ஈறில் ரத்தம், வாஷ்பேசின் சிவப்பாகிறது, பிள்ளை அழுகிறான். "போதும் மக்களே, வாயைக் கொப்பளி" என்று நானேதான் பல நாள் விட்டிருக்கிறேன். போதுமா?

அப்புறம் அந்தக் கேள்வி: "சொந்தத்திலே கட்டினீங்களா?" இல்லை. இந்த நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் வரும். ஆனால் இவனுக்கு என் எக்ஸ் குரோமோசோமில் இருந்துதான் வந்தது. அவன் அப்பாவுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை என் வாயால் சொல்ல வேண்டும்?

"ஒரு பல்தானே" என்று முதலில் ஆரம்பித்த அண்ணனுக்கு: திங்கள்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் மறுபடி போகிறோம். கூட வாருங்கள். டோக்கன் நானே எடுத்துத் தருகிறேன்.