மருந்துப் பையைக் கையில் கொடுத்துவிட்டால் போதுமா?

மலேசியத் தோட்டம் ஒன்றில் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மருந்து சாப்பிட்டுவந்த ஓர் அம்மா மயங்கி விழுந்த செய்திக்குக் கீழே நம் ஆட்களே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "படிக்காத ஜனங்க, மருந்தைக்கூட ஒழுங்கா சாப்பிடத் தெரியல." அதற்கு அத்தனை லைக். அவர் ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். கொடுத்ததை எல்லாம் சாப்பிட்டார். அதனால்தான் விழுந்தார்.

ஏன் விழுந்தார் என்று ஒருவரும் பேசவில்லை. இனிப்புநீருக்கு அரசாங்க கிளினிக்கில் கொடுத்தது கிளிக்லசைடு 80 மில்லிகிராம். நடுவில் பட்டணத்தில் வேறு ஒரு கிளினிக்குக்குப் போனபோது கிடைத்தது டயமைக்ரான் எம்ஆர் 60. இரண்டும் ஒரே மருந்து. பெட்டி வேறு, மாத்திரை வேறு, அட்டையில் உள்ள பெயர் வேறு. யாராவது சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து அது. வயிற்றில் சோறு இல்லாவிட்டாலும் அதன் வேலையை அது செய்யும். இரண்டையும் போட்டுக்கொண்டு, பசியாறாமல் வெளிக்காட்டு வேலைக்கு இறங்கினால் ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போய்விடும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பேச்சு குழறும், பிறகு மயக்கம்.

திட்டி எழுதியவர்கள் இதையாவது தெரிந்துகொள்ளுங்கள். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால், அரை கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். இன்னும் 4க்குக் கீழே என்றால் திரும்பக் கொடுங்கள். ஏறியதும் ரொட்டியோ சோறோ சாப்பிட வையுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999ஐக் கூப்பிடுங்கள். தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் கிளிக்லசைடு சீக்கிரம் உடம்பை விட்டுப் போகாது, சர்க்கரை மறுபடியும் இறங்கும்.

"லேபிளில்தான் எல்லாம் எழுதியிருக்கிறதே" என்பார்கள். லேபிள் மலாயில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ரப்பர் பால்வாளி தூக்கப் போனவர்கள் இவர்கள். சரி, தமிழிலேயே "சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதினாலும், எந்தச் சாப்பாடு? விடியற்காலை ஐந்து மணிக்கு வெறும் கோப்பி, பத்து மணிக்குக் காட்டில் கட்டுச்சோறு. கோப்பியைக் குடித்துவிட்டு கிளிக்லசைடைப் போட்டால் நடுவில் ஐந்து மணி நேரம் வெறும் வயிறுதான். அந்தக் கட்டுச்சோறுக்குச் சற்று முன்னால் போட வேண்டிய மாத்திரை அது. இனிப்புநீருக்கே கொடுக்கும் இன்னொரு மருந்தான மெட்ஃபோர்மின் அப்படியில்லை, அதைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டும், பேதியாகும். அதற்குப் பயந்தே மருந்தை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்!

தோட்டத்து வீடுகளில் அந்த பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள். அட்டைகளைக் கத்தரியால் நறுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார்கள். நறுக்கியதில் மருந்தின் பெயர் போயிருக்கும், காலாவதித் தேதியும் போயிருக்கும். ரத்தக் கொதிப்புக்குப் பழைய அம்லோடிபின் 5 மிச்சம் கிடக்கும். டாக்டர் அளவைக் கூட்டி 10 கொடுத்திருப்பார். 5ஐ நிறுத்தச் சொன்னதை யாரும் விளக்கவில்லை, அதனால் இரண்டும் வாய்க்குள் போகும். அளவு கூடிப்போய்க் கால் வீங்கியதும் "தண்ணி இறங்கிடுச்சு" என்று ஊரெல்லாம் பேச்சு.

கவுண்டரில் கூட்டம், நேரமில்லை என்பது நியாயம்தான். அங்கே நிற்கும் மிஸ்ஸிகளையும் (தாதியரையும்) மருந்தாளர்களையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் "புரியுதுங்க" என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லுங்கம்மா" என்று கேட்க அரை நிமிடம் போதும். தவறு அங்கேயே தெரிந்துவிடும். சுகாதார அமைச்சின் "கெனாலி உபாட் அண்டா" (உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள்) இயக்கம் 2007லிருந்து நடக்கிறது. மருந்தைப் பற்றிக் கேட்பது உங்கள் உரிமை. எந்த கிளினிக்குக்குப் போனாலும் டின்னோடு போங்கள், எல்லாவற்றையும் மேசையில் கொட்டிக் காட்டுங்கள்.

"பிள்ளைகள் எங்கே போனார்கள்?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் வேலை பார்க்கிறார்கள், வேறெங்கே போவார்கள்? வாரம் ஒருமுறை வீடியோ காலில் அந்த டின்னைக் காட்டச் சொல்லலாம். அதைக்கூடச் செய்யாதவர்கள் மேல் எனக்கும் வருத்தம் உண்டு.

புரட்டாசி, தைப்பூச விரதம் என்றால் இன்னும் ஆபத்து. ஒருவேளைச் சாப்பாட்டில் இருந்துகொண்டு மூன்று வேளைக்கு உரிய மருந்தைச் சாப்பிடுகிறவர்களும் உண்டு, விரதம் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. விரதம் தொடங்குவதற்கு முன்பே மருந்தாளரிடம் சொல்லி எதைக் குறைப்பது, எதை எப்போது போடுவது என்று கேட்க வேண்டும்.

ஆனால் எப்படிக் கேட்பார்கள்? கேட்டால் "படிக்காதவங்க" என்கிறீர்களே! அந்த அவமானத்துக்குப் பயந்துதான் "ஒழுங்கா சாப்பிடுறேன் டாக்டர்" என்று பொய் சொல்கிறார்கள். டாக்டர் அதை நம்பி, மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுகிறார். பிறகு ஏதோ காய்ச்சலுக்கு வார்டில் சேர்த்தால், அங்கே எழுதியிருப்பதை எல்லாம் வேளை தவறாமல் கொடுப்பார்கள். சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதும் ஒரு வரி இதுவரைக்கும் கொண்டுவந்து விடுகிறது.

உங்கள் அம்மாவிடம் "மருந்து சாப்பிட்டியா?" என்று அதட்டாதீர்கள். "இந்த வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சும்மா?" என்று கேளுங்கள். விட்டதற்குச் சேர்த்து அடுத்த வேளையில் இரண்டாகப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அவர் சொல்லும் கணக்கை, டாக்டர் அளவைக் கூட்டுவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.