டிஏபி உரத்தை அள்ளிப் போட்டா பூ கொட்டாது

அக்கா, "ரோஜா பூக்கலன்னா வாரம் ஒரு கைப்பிடி டிஏபி, பாஸ்பரஸ் ஏற ஏற பூ கொட்டும்"னு மேல எழுதிருக்கீங்க, அது தப்பு, தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. வேர் ஓட, செடிக்குள்ள எனர்ஜி ஓட பாஸ்பரஸ் கண்டிப்பா வேணும்தான், ஆனா தேவைக்கு மேல போனா பூ அதிகமாகாது. டிஏபில 18% நைட்ரஜன், 46% பாஸ்பேட் (பாஸ்பரஸ் இருக்கிற வடிவம்), அந்த பாஸ்பேட் தண்ணில கரைஞ்சாலும் மண்ணை விட்டு சுலபமா வெளிய போகாது, நம்ம பெங்களூரு செம்மண்ல இருக்கிற இரும்பும் அலுமினியமும் அதைப் பிடிச்சு வச்சுக்கும், தொட்டில சேர்ந்துக்கிட்டே போகும், அப்புறம் ஜிங்க், இரும்பு செடிக்கு சரியா கிடைக்காம கொழுந்து இலை நரம்பு மட்டும் பச்சையா நின்னு மத்ததெல்லாம் மஞ்சளாயிடும். ஜெயநகர்ல என் மாடில ரெண்டு செடி இப்படித்தான் போச்சு, இன்னும் மனசு ஆறல. வேரோட சேர்ந்து வாழ்ற நல்ல பூஞ்சையும் குறையும். முதல்ல ஆறு மணி நேரம் வெயில் படுதா, கவாத்து பண்ணீங்களான்னு (பழைய கிளைய வெட்டி விட்டீங்களான்னு) பாருங்க, உரம் மண் டெஸ்டுக்கு அப்புறம்.