வீடு சரி, வேலைக்கு எப்படிப் போவது?

"சென்னைக் குடிசைகளில் இருந்தவர்களுக்குப் புறநகரில், பெரும்பாக்கத்தில்தான் வீடு கொடுத்தாச்சே, அப்புறம் ஏன் பழைய இடத்துக்கே ஓடி வருகிறார்கள்?" என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலானோர் சொந்த வண்டி வைத்திருப்பவர்கள்.

குடிசை மாற்று வாரியம் 1970-இல் வந்த புதிதில், நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டினார்கள். மீன்பிடிப்பவர் கடலை விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. 2000 வாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வீடுகள் ஊருக்கு வெளியே போயின. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை மக்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். அதுவோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம். வெள்ளத்துக்குப் பயந்து போனவர்களுக்கு நல்ல இடம்தான் பார்த்தார்கள்!

எங்கள் தெருவில் வீட்டுவேலை செய்யும் அக்காவும் அப்படிப் போனவர்தான். முன்பு நடந்தே வருவார். ஒரு வீட்டை முடித்துவிட்டு, போய்ப் பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பி, மறுபடி அடுத்த வீட்டுக்கு வருவார். இப்போது விடியும் முன்னே பஸ் பிடிக்கிறார். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்ல விஷயம். போகவர ஆகும் மூன்று மணி நேரத்தை யார் திருப்பித் தருவது? நாலு வீட்டு வேலை இரண்டாகிவிட்டது. லிஃப்ட் நின்றால் குடத்தை இடுப்பில் வைத்து ஆறு மாடி ஏறும் கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

முகவரியும் ஒரு சுமை. கண்ணகி நகர் என்றாலே வேலை கொடுக்க யோசிக்கிறார்கள். அதே கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா 2025-இல் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவுக்குக் கபடித் தங்கம் வாங்கி வந்தபோது மட்டும் எல்லோரும் 'நம்ம பொண்ணு' என்றார்கள்.

வாரியத்துக்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புப் பணத்துக்கு ஈடாக அரசும் பணம் போடும் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' நல்ல திட்டம். ஆனால் பொழுது விடியும் முன் கிளம்பி இருட்டிய பின் திரும்புபவர் எந்தச் சங்கக் கூட்டத்துக்கு வருவார்?

பழைய வீடுகளை இடித்து அதே இடத்தில் கட்டித் தருவதுதான் சரி. அது நடக்கவும் செய்கிறது. அதுவரை வெளியே தங்க ஒரு குடும்பத்துக்கு 24,000 ரூபாய் தருகிறார்கள். வேலை இரண்டு வருடம் இழுத்தால் மாதம் 1,000 ரூபாய். சென்னையில் அந்தக் காசுக்கு பைக் நிறுத்த இடம் கிடைக்கலாம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் கைகழுவாமல், சாவி கையில் கொடுக்கும் நாள் வரை அந்தந்த ஏரியா வாடகையை மாதாமாதம் கொடுக்கட்டும். கட்டுமானம் தாமதமானால் யாருக்கு நஷ்டம் என்பது அப்போதாவது கணக்கில் வரும்.